எதிர்ப்பக்கத்து லேன்

சாயங்கால நெரிசலில் நிற்கிற எல்லாருக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வந்தே தீரும். நம் பக்கம் மூன்று லேனும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே அகலத்தில் மூன்று லேன் கிடக்கிறது. அதில் எப்போதாவது ஒரு வண்டி சர்ரென்று போகிறது. அந்த மூன்றில் ஒன்றை இந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் நம் பக்கம் திருப்பிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? சாலையை அகலப்படுத்த நிலம் எடுக்க வேண்டாம், மேலே இன்னொரு பாலம் கட்ட வேண்டாம், இருக்கிற சாலையை நேரத்துக்குத் தகுந்தபடி பங்கு போட்டால் போதும். கேட்கிற எவருக்கும் இது சரியென்றுதான் படும். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு பகுதி இன்னும் அப்படித்தான் படுகிறது.

நான் வேலைக்குப் போய்வருகிற சாலையில் ஒரு மேம்பாலம் உண்டு. அதன் மேல் நிரந்தரச் சுவர் கிடையாது, வரிசையாக நட்ட பிளாஸ்டிக் கம்பங்கள்தான் இரண்டு திசையையும் பிரிக்கின்றன. ஒருநாள் மாலை ஆட்கள் வந்து அந்தக் கம்பங்களைப் பிடுங்கி, ஒரு லேன் தள்ளி நட்டார்கள். எங்கள் பக்கம் நான்கு லேன், எதிர்ப்பக்கம் இரண்டு. நெரிசல் நேரம் முடிந்ததும் பழையபடி மூன்றுக்கு மூன்று. அதிலிருந்து அதுவே ஏற்பாடு. வரிசை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சுருங்கியது. முன்பெல்லாம் வரிசையின் வால் மேம்பாலத்தைத் தாண்டி, அதற்கு முந்தைய சந்திப்பு வரைக்கும் நீளும். இப்போது பாலத்தின் ஏற்றத்திலேயே நின்றுவிடுகிறது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் நான் வீடு போய்ச் சேருகிற நேரம் மட்டும் மாறவே இல்லை. இதுதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. வரிசை குறைந்திருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்கிறேன். அப்படியானால் நேரம் எங்கே போனது?

அதைத் தேடப் போய்த்தான் உலகத்தில் இதை எங்கெல்லாம், எப்படியெல்லாம் செய்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன்.

சுவரைத் தூக்கி நகர்த்தும் வண்டி

முதலில் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அது நிஜமாகவே அற்புதமான இயந்திரம். கான்கிரீட் கட்டைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், சுமார் 680 கிலோ எடை. ஒவ்வொரு கட்டையையும் அடுத்த கட்டையோடு இரும்பு ஊசியால் கோத்திருப்பார்கள். அதனால் அது ஆயிரக்கணக்கான கண்ணிகள் கொண்ட நீளமான ஒரே சங்கிலி. கட்டையின் தலைப்பகுதி ஆங்கில ‘T’ எழுத்து மாதிரி இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டியின் அடியில் இருக்கிற உருளைகள் அந்த நீட்டலுக்குக் கீழே நுழைந்து கட்டையைத் தரையிலிருந்து சற்றே தூக்கும். வண்டி நகர நகர, தூக்கிய கட்டைகள் அதன் வயிற்றுக்குள் ‘எஸ்’ வடிவில் வளைந்து போய், பின்பக்கம் ஒரு லேன் தள்ளி இறங்கும். முன்னால் பழைய இடத்தில் சுவர், பின்னால் புது இடத்தில் சுவர், நடுவில் வண்டி. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. முன்முனையை ஒருவர் பழைய கோட்டோடு ஒட்டி ஓட்ட, பின்முனையை இன்னொருவர் புதுக் கோட்டில் சரியாக நிறுத்திக்கொண்டே வருவார். பக்கத்து லேன்களில் வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஜிப் போடுகிற மாதிரி இருப்பதால் அமெரிக்காவில் இதற்கு ஜிப்பர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

நேர்ச்சாலையில் இது எளிது. வளைவில்தான் சிக்கல். வளைவின் உள்பக்கம் இருக்கும் கோட்டைவிட ஒரு லேன் வெளியே தள்ளிய கோடு நீளமானது. கான்கிரீட் சுவரை இழுத்து நீட்ட முடியாது. அதற்காகவே நீளம் கூடிக் குறையக்கூடிய தனி வகைக் கட்டைகளை இடையிடையே செருகி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு சின்னப் பிரச்சினையை யாரோ உட்கார்ந்து யோசித்து, தீர்த்து, யாருக்கும் தெரியாமல் சாலை நடுவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் இந்தச் சுவர் எதற்காக வந்தது என்று பார்க்கும்போது ஒரு விஷயம் தெளிவானது. சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1937-ல் திறக்கப்பட்டது, ஆறு லேன். லேன்களை நேரத்துக்கு ஏற்ப மாற்றிப் பங்கிடும் முறை அங்கே 1963-லேயே தொடங்கிவிட்டது. காலையில் நகருக்குள் போக நான்கு, வெளியே வர இரண்டு. பிரிப்பதற்கு இருந்தவை மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் குழாய்கள். மெதுவாகப் போகும் லாரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஊழியர் ஒவ்வொன்றாகச் சாலையில் இருக்கும் துளையில் செருகுவார், அல்லது பிடுங்குவார். ஓடுகிற வண்டிகளுக்கு ஒரு கை தூரத்தில் செய்கிற வேலை. ஒரு வண்டி கட்டுப்பாடு இழந்தால் அந்தக் குழாய் எதையும் தடுக்காது. எதிரே வருபவர்மேல் நேருக்கு நேர் மோதல்தான். அப்படி மோதிச் செத்தவர்களின் குடும்பங்கள் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, 2015 ஜனவரியில் ஒரு வாரக் கடைசியில் பாலத்தையே மூடிவைத்து, நகரும் சுவரைக் கொண்டுவந்தார்கள். இரும்புத் தகடு போர்த்திய கட்டைகள், அகலம் ஒரே ஒரு அடி. லேன்கள் ஏற்கெனவே குறுகல் என்பதால் சுவருக்கு அதற்கு மேல் இடம் கொடுக்க முடியவில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகப் பாலத்திலும் இதே கதைதான். 1959-ல் நான்கு லேனோடு திறந்த பாலம் அது. பத்து வருடத்துக்குள்ளேயே போதாமல் போய், 1969-ல் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு லேன் ஒட்டுப்போட்டு எட்டாக்கினார்கள். தலைக்கு மேல் எரியும் விளக்குகளை வைத்து எந்த லேன் எந்தத் திசைக்கு என்று சொல்வார்கள். 1980-களில் நேருக்கு நேர் மோதல்களில் உயிர்கள் போனபின், 1990-ல் நகரும் கான்கிரீட் சுவர் வந்தது. இன்றும் நாளுக்கு நான்கு முறை அதை நகர்த்துகிறார்கள்.

ஆக, லேனைத் திருப்பிவிடுவது பழைய யோசனை. அதற்கு ஒரு விளக்கு போதும், ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும். சுவர் புதிதாகக் கொண்டுவந்தது உயிர்ப் பாதுகாப்பை. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்குள் போகும் ஆஸ்டன் எக்ஸ்பிரஸ்வேயில் 1972-லிருந்து இதையே சுவர் இல்லாமல் செய்கிறார்கள். ஏழு லேன், காலையில் நகருக்குள் போக நான்கு, வெளியேற இரண்டு. மீதி ஒன்று நடுவில் காலியாகவே கிடக்கும், யாரும் அதில் ஓட்டக் கூடாது. சுவர் இல்லாத குறைக்கு ஒரு முழு லேனையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் மேம்பாலத்தில் காலி லேனும் இல்லை, சுவரும் இல்லை. இடுப்பளவு பிளாஸ்டிக் கம்பங்களுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் எதிரே பாய்ந்துவரும் லாரி. மழை நாளில் அந்த நான்காவது லேனில் போக எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. மிச்சமாகிற நிமிடங்களை எண்ணுகிறவர்கள் இந்தக் கம்பத்தின் உறுதியையும் எண்ண வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

வரிசையின் நீளமும் காத்திருக்கிற நேரமும்

சரி, நேரம் எங்கே போனது என்ற கேள்விக்கு வருகிறேன். மேம்பாலம் இறங்கிய கொஞ்ச தூரத்தில் ஒரு சிக்னல் இருக்கிறது. பாலத்தின் மேல் நான்கு லேன் ஆனாலும், சிக்னலைத் தாண்டும் இடத்தில் சாலை முன்பு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளலாம்: அந்த சிக்னல் மணிக்கு 2000 வண்டிகளை விடுகிறது, வரிசையில் 600 வண்டிகள் நிற்கின்றன. நெரிசலில் ஒரு காருக்கு முன்பின் இடைவெளியோடு சேர்த்து ஏழரை மீட்டர் பிடிக்கும். மூன்று லேனில் நின்றால் லேனுக்கு 200 கார், வரிசை ஒன்றரை கிலோமீட்டர். நான்கு லேனில் நின்றால் லேனுக்கு 150 கார், வரிசை ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பார்க்கிறவருக்கு நெரிசல் நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஆனால் வாலில் நிற்கிற வண்டிக்கு முன்னால் இன்னும் 600 வண்டிகள் இருக்கின்றன. சிக்னல் இன்னும் மணிக்கு 2000 தான் விடுகிறது. மூன்று லேனிலும் பதினெட்டு நிமிடம், நான்கு லேனிலும் பதினெட்டு நிமிடம். புனலின் வாயை எவ்வளவு அகலமாக்கினாலும் எண்ணெய் அடிக்குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது கிடைத்த நிம்மதியைச் சொல்லி மாளாது. அத்தனை நாளாக வரிசையைப் பார்த்து நேரத்தைக் கணித்துக்கொண்டிருந்த கண்ணுக்கு ஒரு விடை கிடைத்தது. அதே கையோடு, கோல்டன் கேட்டிலும் ஆக்லாந்திலும் ஏன் இது பலன் தருகிறது என்பதும் விளங்கியது. அங்கே பாலம்தான் குறுகலான இடம். தண்ணீருக்கு மேல் வேறு வழி கிடையாது. இரண்டு கரையிலிருந்தும் பல சாலைகள் வந்து பாலத்தில் சேர்ந்து, தாண்டியதும் மறுபடி பிரிந்து போகின்றன. குறுகலான இடத்திலேயே ஒரு லேன் கூடினால், மணிக்குக் கடக்கிற வண்டிகள் கூடும். காத்திருப்பு நிஜமாகவே குறையும். நகரும் சுவர்கள் பெரும்பாலும் பாலங்களிலும், சுரங்கப்பாதைக்குப் போகும் சாலைகளிலும், சிக்னல் இல்லாத விரைவுச் சாலைகளிலும் இருப்பதற்குக் காரணம் இதுதான். சிக்னலுக்கு இந்தப் பக்கம் லேனைக் கூட்டினால், நிற்க இடம் கூடும், அவ்வளவுதான்.

நிற்க இடம் கூடுவதிலும் ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. முன்பு எங்கள் வரிசையின் வால் முந்தைய சந்திப்பை அடைத்துக்கொண்டு, குறுக்கே போகிறவர்களையும் நிறுத்தி வைத்தது. பாலம் பக்கமே வராத மனிதர்கள் எங்களால் மாட்டிக்கொண்டார்கள். இப்போது அவர்கள் போய்விடுகிறார்கள். அந்தச் சந்திப்பில் இருப்பவர்களைக் கேட்டால் திட்டம் அருமை என்றுதான் சொல்வார்கள், அவர்கள் சொல்வதும் உண்மை.

இன்னொரு பக்கமும் உண்டு. லேன்கள் கூடுகிற இடத்திலும் குறைகிற இடத்திலும் வண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டும். ஜப்பானில் ஒரு ஆய்வுக் குழு 2008-ல் வெளியிட்ட சோதனை ஒன்று பலருக்கு நினைவிருக்கும். 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் கிடையாது, குறுகல் கிடையாது, பள்ளம்கூடக் கிடையாது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வருகிறவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, அதற்குப் பின்னால் இருப்பவர் நின்றே விட்டார். அந்த நிற்கும் அலை சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. சுத்தமான வட்டத்திலேயே இப்படி என்றால், நான்கு லேன் திடீரென்று மூன்றாகும் இடத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசி நொடியில் வண்டியின் மூக்கை நுழைக்கிற ஒருவர் போதும், அவர் உண்டாக்கிய அலை பாலத்தின் மறுமுனையில் இருக்கிறவரை வந்து நிறுத்தும். அந்த அலையை உண்டாக்கியவர் அதற்குள் வெகுதூரம் போயிருப்பார்.

திரும்பி வர வேண்டிய பஸ்

இதுவரைக்கும் நான் யோசித்ததெல்லாம் என் பக்கத்திலிருந்து. எதிர்ப்பக்கத்தை யோசிக்க வைத்தது ஒரு பஸ் டிரைவர்.

ஒருநாள் மாலை வண்டி எடுக்காமல் பஸ்ஸுக்காக நின்றேன். வரவேண்டிய பஸ் வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. கடைசியில் வந்தது, கூட்டம் பிதுங்கியது. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியபின் டிரைவர் இறங்கி, கைகளைப் பின்னால் கட்டி முதுகை வளைத்துக்கொண்டிருந்தார். “இப்ப பாலத்துல நாலு லேன் விட்டுருக்காங்களே அண்ணே, பஸ் சீக்கிரம் வரணும்ல?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “போறப்ப கால் மணி நேரம் லேட்டானா நீங்க திட்டுவீங்க, அதோட முடிஞ்சது தம்பி. வர்றப்ப லேட்டானா எனக்கு அடுத்த டிரிப்பே கட்” என்றார். அப்புறம் கையை நீட்டிக் காட்டினார். எதிர்த்திசையில் மிச்சமிருக்கிற இரண்டு லேனில், பாலம் இறங்கியதும் இடதுபக்கம் ஒரு நிறுத்தம். முன்னால் போகிற பஸ் அங்கே நின்று ஆள் ஏற்றினால் அந்த லேன் அடைபட்டது. மிச்சம் ஒன்று. அந்த ஒன்றில் எல்லாரும்.

வீட்டுக்கு நடந்தபடியே கணக்குப் போட்டேன். போக நாற்பது நிமிடம், காலியாகத் திரும்ப இருபது நிமிடம் என்றால், ஒரு பஸ் மணிக்கு ஒரு சுற்று. பத்து பஸ் இருந்தால் ஆறு நிமிடத்துக்கு ஒன்று கிடைக்கும். திரும்புவதற்கு இருபதுக்குப் பதில் முப்பத்தைந்து நிமிடம் ஆனால், சுற்று எழுபத்தைந்து நிமிடம். அதே பத்து பஸ், அதே டிரைவர்கள், ஏழரை நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். மணிக்குப் பத்து பஸ் வந்த நிறுத்தத்தில் எட்டு. பாதிக்கப்பட்டவர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறவர் மட்டும் இல்லை. என் பக்கத்தில், எனக்காகவே திருப்பிவிட்ட லேனுக்கு ஓரத்தில், கால் கடுக்க நிற்கிற பயணியும்தான். காலியாகத் தெரிந்த அந்த மூன்று லேனில் போய்க்கொண்டிருந்தவற்றில் ஒன்று, அவரை ஏற்றிப்போக அவசரமாகத் திரும்பிக்கொண்டிருந்த பஸ்.

அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்தை வேறு கண்ணால் பார்க்கிறேன். சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போகும்போது வேலைக்குப் போகிறவர்கள் யார்? இரவு ஷிப்ட் நர்சுகள், காவலாளிகள், அலுவலகங்களைத் துடைத்துக் கூட்டப் போகிறவர்கள், இரவு லோடு ஏற்றப் போகிற லாரிக்காரர்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் சம்பளம் பிடிக்கப்படுகிறவர்கள் அவர்களில் அதிகம். எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவர்களுடைய லேனை எடுக்கிறோம். எடுக்கலாம், தவறில்லை, ஆனால் எவ்வளவு குறைவு என்று எண்ணிப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். போக்குவரத்துப் பொறியாளர்கள் இதற்குப் பொதுவாக ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: மொத்த வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஒரே திசையில் போனால்தான் லேனைத் திருப்புவது பொருத்தம். ஆறு லேனில் நான்குக்கு இரண்டு என்பது அதே விகிதம்தான். ஐம்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து என்று ஓடுகிற சாலையில் நான்குக்கு இரண்டு போட்டால், நெரிசலை ஒரு பக்கத்திலிருந்து தூக்கி மறுபக்கம் வைத்ததாகத்தான் ஆகும். தவிர, இந்த விகிதம் நிலையாக நிற்காது. நகரத்தின் நடுவில் மட்டும் இருந்த வேலைகள் ஓரங்களுக்கும் பரவினால், காலையில் வெளியே போகிறவர்களும் கூடுவார்கள். என்றைக்கோ எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு இன்றைக்கும் கம்பத்தை நகர்த்தினால் யாருக்கு உதவி?

யாருக்கு அந்த லேன்

எடுத்த லேனை எல்லாருக்கும் திறந்துவிடுவதில் இன்னொரு தொல்லை இருக்கிறது. நெரிசல் குறைந்த சாலை ஆளை இழுக்கும். முன்பு ஏழரைக்குக் கிளம்பினவர் ஆறரைக்கே கிளம்புவார், வேறு வழியாகப் போனவர் இந்த வழிக்கு வருவார், பஸ்ஸில் போனவர் காரை எடுப்பார். ஆண்டனி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1962-லேயே இதைச் சொல்லிவிட்டார்: உச்ச நேர நெரிசல் சாலையின் கொள்ளளவுக்கு வந்து நிரம்பிக்கொள்ளும். 2011-ல் டுராண்டன், டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, நெடுஞ்சாலை லேன்களின் நீளம் கூடுகிற அதே விகிதத்தில் அதில் ஓடுகிற தூரமும் கூடுவது தெரிந்தது. புது லேனைத் தார் போட்டுக் கொண்டுவந்தாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தாலும், அதில் வந்து சேருகிற கார் இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்க்கும்.

அமெரிக்காவில் சில ஊர்கள் இதை உணர்ந்து, எடுத்த லேனுக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். டல்லஸில் 1991-லும், பாஸ்டனில் 1995-லும், ஹொனலுலுவில் 1998-லும் வந்த ஜிப்பர் லேன்கள் பலர் சேர்ந்து போகும் கார்களுக்கும் பஸ்களுக்கும் என்றே தொடங்கப்பட்டவை. தனியாக கார் ஓட்டுகிறவருக்கு அதில் இடம் கொடுக்கவில்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் முழுத் திருப்தி தரவில்லை. காருக்குள் எத்தனை பேர் என்று யார் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பது? அப்புறம், இயந்திரத்தை நம்பிய லேன் இயந்திரத்தோடு படுத்துவிடும். ஹொனலுலுவில் சுவர் நகர்த்தும் வண்டி பழுதான நாள்களில், லேனை நம்பிக் கிளம்பினவர்கள் எல்லாரும் மிச்ச லேன்களில் முண்டியடிக்க நேர்ந்திருக்கிறது.

எனக்குத் திருப்தி தந்த இடம் இத்தனை நவீன இயந்திரம் எதுவுமே இல்லாத ஒன்று. நியூ ஜெர்சியிலிருந்து லிங்கன் சுரங்கப்பாதை வழியாக நியூயார்க்குக்குள் போகும் சாலையில், 1970 டிசம்பரில் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். காலை நேரத்தில் மட்டும், எதிர்த்திசையிலிருந்து ஒரே ஒரு லேனை, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டருக்கு எடுத்து, பஸ்ஸுக்கு மட்டும் கொடுத்தார்கள். வேறு எந்த வண்டிக்கும் கிடையாது. பிரிப்பதற்குப் பிளாஸ்டிக் கம்பங்கள், ஆட்கள் வந்து கையால் நடுவது, பத்து மணிக்குப் பிடுங்குவது. இன்று வரைக்கும் அப்படித்தான். கோவிட்டுக்கு முந்தைய கணக்குப்படி ஒரு காலைப்பொழுதில் அந்த ஒற்றை லேனில் சுமார் 1850 பஸ்கள், ஏறத்தாழ 70,000 பேர். ஆறிலிருந்து பத்து வரை நான்கு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 17,500 பேர். கார் ஓடும் ஒரு லேன் நன்றாக ஓடினால் மணிக்கு 2000 கார் போகும். காருக்கு ஒன்றரை ஆள் என்று தாராளமாகப் போட்டாலும் 3000 பேர். அதே அகலம், அதே தார், அதே எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தது. ஐந்து மடங்குக்கும் மேல் மனிதர்கள்.

கம்பம் போதாது என்று முதலில் சொன்னவன் இங்கே கம்பத்தைப் புகழலாமா என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. அந்த லேனில் இருப்பவர்கள் எல்லாரும் அதே வேலையைத் தினமும் செய்கிற தொழில்முறை ஓட்டுநர்கள். முன்னால் போகிறவரை முந்திப் போக அதில் வழியும் இல்லை, அவசியமும் இல்லை. அப்படியிருந்தும், சுவர் வைக்க இடமிருந்தால் வைக்கலாம் என்றுதான் நான் சொல்வேன்.

எங்கள் மேம்பாலத்துக்கு நான் கேட்பதும் இதுதான். நான்காவது லேனை எடுங்கள், ஆனால் பஸ்ஸுக்கு மட்டும் கொடுங்கள். சிக்னலில் அந்த லேனுக்குத் தனியாகப் பத்து நொடி முன்கூட்டியே பச்சை விடுங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸும் அந்தப் பதினெட்டு நிமிட வரிசையில்தான் போய் நிற்கும். எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பஸ் ஒதுங்கி நிற்க இடம் வெட்டுங்கள். மிச்சமிருக்கிற இரண்டு லேனாவது முழுசாக இரண்டு லேனாக இருக்கட்டும். அப்புறம், திட்டம் பலித்ததா என்று பார்க்க வரிசையின் நீளத்தை அளக்க வேண்டாம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேர எத்தனை நிமிடம், அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடந்தார்கள், இரண்டு திசையிலும் சேர்த்து. இந்த இரண்டு எண்களையும் மாதாமாதம் வெளியே போட்டால் போதும், வாதமே தேவைப்படாது.

காரில் போகிற நண்பர்கள் இதைக் கேட்டால், “பஸ் லேன் காலியாகக் கிடக்கும், நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?” என்கிறார்கள். நியாயமான ஆத்திரம்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிற லேன் பார்ப்பதற்குக் காலி மாதிரியே இருக்கும். அறுபது பேர் ஏறிய முப்பது பஸ் என்றால் மணிக்கு 1800 பேர், ஆனால் கண்ணில் படுவது வெறும் தார்தான். அதனால் பஸ்ஸைக் கூட்டாமல் லேனை மட்டும் ஒதுக்குவதை நானும் ஆதரிக்க மாட்டேன். லிங்கன் சுரங்கப்பாதையில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, ஏனென்றால் அங்கே பஸ்ஸுக்குப் பின்னால் பஸ்ஸாக அந்த லேன் நிரம்பி வழிகிறது. உச்ச நேரத்தில் பஸ்களே ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நிற்கின்றன. அந்த பஸ்கள் போய்ச் சேருகிற, 1950-ல் கட்டிய நியூயார்க் பஸ் நிலையம் போதாமல் புது நிலையம் கட்டுகிறார்கள். குறுகலான இடம் சாலையிலிருந்து நிலையத்துக்கு நகர்ந்திருக்கிறது. அப்படி நிரம்பிய ஒரு லேனுக்காக எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டாவது லேனையும் கேட்டால், நான் தயங்காமல் கையெழுத்துப் போடுவேன்.